புல்வெட்டும் தொழிலுக்கு ஒரு விளம்பரம்

2024 ஆம் ஆண்டு மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாள் அதிகாலை ரொறன்ரோவிலிருந்து எனக்கொரு தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவர், யாழ்ப்பாணத்தில் நான் பணியாற்றிய பத்திரிகையின் அச்சகப் பகுதியில் இளவயதில் வேலை செய்தவர். பின்னாளில் சொந்தமாக ஒரு சிறிய அச்சகம் நடத்தினார். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் காகிதமும் மையும் வாங்க வழியின்றி அதனை மூடிவிட்டு, அடுத்த ஆண்டு கனடா போய்ச் சேர்ந்தார். அங்கு ஒரு களஞ்சியசாலையில் இரவு வேலை. ஐம்பதை நெருங்கும் வயதில் அந்த வேலை உடம்புக்கு ஒத்துவரவில்லை.

“அண்ணை, இஞ்சை புல்லு வெட்டுற தொழில் ஒண்டு தொடங்கியிருக்கிறன். சனம் பாத்த உடனை கோல் எடுக்கிற மாதிரி நோட்டீஸ் ஒண்டு எழுதித் தாங்கோ. ஆனா ஒரு விசயம், ஊரிலை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையுங்கோ” என்றார்.

அந்தப் பேச்சின் முற்பகுதியும் பிற்பகுதியும் ஒன்றையொன்று வெட்டுவதை நான் அப்போது கவனிக்கவில்லை. சனத்துக்குத் தெரியவும் வேண்டும், தெரியவும் கூடாது. அவர் பட்ட கஷ்டங்களில் பாதி இதிலிருந்தே வந்தது என்பது பின்னர்தான் புரிந்தது. இப்போது அவருடைய சம்மதத்துடனேயே இதை எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றார், தவிர்த்திருக்கிறேன்.

நாற்பது ஆண்டுகள் ஆசிரியபீடத்தில் இருந்தவனுக்கு ஒரு துண்டுப்பிரசுரம் எம்மாத்திரம் என்ற எண்ணத்தில், அரை மணித்தியாலத்தில் எழுதி முடித்தேன். இல்லத்தின் எழில், பசுமையின் குளிர்ச்சி, தங்கள் திருப்தியே எங்கள் வெற்றி என்று வரிக்கு வரி அலங்காரம். ரொறன்ரோவிலிருக்கும் என் மகள் அதனை ஆங்கிலத்தில் ஆக்கிக் கொடுத்தாள். அவர் ஆயிரம் பிரதிகள் அடித்து, இரண்டு கிழமைகள் தெருத்தெருவாக நடந்து தபால் பெட்டிகளில் போட்டார். வந்த அழைப்புகள் மூன்று. அவற்றுள் ஒன்று விலை கேட்டுவிட்டு வைத்தது. எனது எழுத்து வாழ்வில் இவ்வளவு துல்லியமாக அளக்கப்பட்ட தோல்வி வேறில்லை. ஆசிரியத் தலையங்கம் எழுதுபவனுக்கு அது எத்தனை பேரை அசைத்தது என்று ஒருபோதும் தெரியவராது. நல்லவேளை.

அவர் தொழிலுக்குப் போட்டது சீட்டுக் கழித்த காசு. பழைய வான் ஒன்று, பாவித்த புல்வெட்டும் இயந்திரம் ஒன்று, ஓரம் வெட்டும் கருவி, வெட்டிய புல்லை ஊதித் தள்ளும் கருவி, பொறுப்புக் காப்புறுதி. இந்தக் காப்புறுதியைப் பலர் வீண்செலவென்று நினைக்கின்றனர். இயந்திரத்தின் அலகில் பட்டுத் தெறிக்கும் ஒரு சிறு கல் பக்கத்து வீட்டுக் கண்ணாடியையோ காரின் கண்ணாடியையோ உடைத்தால் அந்தப் பருவத்தின் உழைப்பே போய்விடும். ரொறன்ரோவில் புல்வெட்டும் பருவம் ஏறத்தாழ ஏப்ரல் கடைசியிலிருந்து ஒக்ரோபர் வரைதான். ஆறு மாதத்தில் உழைப்பது ஆண்டு முழுவதற்கும் போதவேண்டும். சீட்டுக்கோ ஒவ்வொரு மாதமும் கட்டவேண்டும்.

யூன் மாதத்தில் மகளிடம் போயிருந்தபோது, ஒரு நாள் முழுவதும் அவருடைய வானில் கூடவே சென்றேன். வெள்ளை வான். அதில் ஓர் எழுத்துக்கூட இல்லை. அவர் குடியிருப்பது ஸ்காபரோவில், ஒரு வீட்டின் நிலக்கீழ்த் தளத்தில். முதல் வாடிக்கையாளர் இருந்ததோ மிசிசாகாவில். நகரத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடியையும் தாண்டிய தூரம். 401 ஆம் இலக்க நெடுஞ்சாலையில் காலை நெரிசலில் நின்று நின்று போய்ச் சேர ஒரு மணித்தியாலத்துக்கு மேல் சென்றது. புல் வெட்டி முடிக்க முப்பது நிமிடம். கூலி 45 டொலர். அடுத்தது வோனில், அதற்கடுத்தது எற்ரோபிக்கோவில். மாலை ஆறு மணிக்கு வீடு திரும்பியபோது வெட்டியிருந்தது ஐந்து வீட்டுப் புல். வானில் இருந்த நேரம் இயந்திரத்தைப் பிடித்த நேரத்தைவிட அதிகம். எரிபொருளையும் மதியச் சாப்பாட்டையும் கழித்தால் களஞ்சியசாலைச் சம்பளமும் மிஞ்சவில்லை.

“ஏன் தம்பி, ஸ்காபரோவில் புல்லே முளைக்கிறதில்லையோ?” என்று கேட்டேன்.

சிறிது நேரம் பேசாமல் வாகனம் ஓட்டினார். பின்னர், “சொந்தக்காரர் முழுப்பேரும் ஸ்காபரோ, மார்க்கம், ஏஜக்ஸ் பக்கந்தான் அண்ணை. புல்லு வெட்டிக்கொண்டு நிக்கேக்கை ஆரேனும் கண்டால்... மனிசி, தான் ஒரு விசேசத்துக்கும் போகேலாது எண்டு சொல்லிப்போட்டா” என்றார்.

இதைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று அன்றே தீர்மானித்தேன். புதிய தொழிலொன்றுக்கு வாடிக்கையாளரைத் தேடுவது எப்படி என்று எமது வர்த்தக சங்கங்களின் கூட்டங்களில் எவ்வளவோ பேசப்படுகிறது. இணையத்தளம், விளம்பரம், முகநூல் என்று ஆலோசனைகள் பொழிகின்றன. இந்த மனிதர் விளம்பரம் செய்யத் தவறவில்லை. வெட்கம்தான் இவருடைய வியாபார வரைபடத்தைக் கீறியிருந்தது. தெரிந்தவர் இல்லாத ஊர்களாகப் பார்த்து நோட்டீஸ் போட்டிருக்கிறார். அங்கும் இங்குமாகக் கிடைத்த வாடிக்கையாளர்களுக்கிடையே நாள் முழுவதும் ஓடிக்கொண்டிருந்தார்.

இந்த வெட்கம் எங்கிருந்து வருகிறது என்பதை யாழ்ப்பாணத்தவருக்கு விளக்கத் தேவையில்லை. எமது வீடுகளின் முற்றத்தில் புல் இருக்கக்கூடாது. விடியற்காலையில் கூட்டி, தண்ணீர் தெளித்து, ஈர்க்குமாற்றின் கோடுகள் தெரியக் கிடக்கும் வெண்மணல் முற்றமே நல்ல வீட்டுக்கு அடையாளம். முற்றத்தில் புல் முளைத்தால் அந்த வீட்டில் ஆட்கள் இல்லையென்று அர்த்தம். இடம்பெயர்ந்து திரும்பிய எத்தனையோ பேர் படலையைத் திறந்ததும் முதலிற் கண்டு கலங்கியது அந்தப் புல்லைத்தான். வளவில் புல்லைச் செருக்குவதற்கு உழவாரத்தோடு கூலிக்கு ஆள் வருவார். அவருக்கு முற்றத்தில் வைத்தே தேநீர் கொடுக்கப்படும், அதுவும் தனியான பேணியில். அந்தப் பேணியை மறந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு கனடா வரையும் கொண்டு போயிருக்கிறோம்.

கனடாவிலோ முன்புறத்துப் புற்றரைதான் வீட்டின் முகம். 1830 ஆம் ஆண்டில் எட்வின் பட்டிங் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர், துணியின் மேற்பிசிறுகளை வெட்டும் ஆலை இயந்திரத்தின் முறையைப் பின்பற்றிப் புல்வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். பிரபுக்களின் மாளிகைகளுக்கு உரியதாயிருந்த புற்றரை காலப்போக்கில் சாதாரண மக்களின் வீட்டுக்கும் வந்தது அந்த இயந்திரத்தால்தான். இன்று ரொறன்ரோவில் புல் 20 சென்ரிமீற்றருக்கு மேல் வளர்ந்தால் அது மாநகர விதிகளுக்கு முரண். அயலவர் முறைப்பாடு செய்வார், மாநகரசபை அறிவித்தல் அனுப்பும். அதற்கும் வெட்டாவிட்டால் சபையே வெட்டுவித்துச் செலவைச் சொத்துவரியோடு சேர்த்து அறவிட முடியும். ஆகவே, புல் வெட்டுபவர் அங்கே எடுபிடி வேலைக்காரரல்லர். தேவை நிச்சயமான ஒரு சேவையை விற்பவர்.

இத்தொழிலில் மிகப் பெரிய பெயர் அவுஸ்திரேலியாவில் இருக்கிறது. ஜிம் பென்மன் என்பவர் மெல்பேணில் லா ட்ரோப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுத்துறையில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். மாணவராயிருந்த காலத்தில் செலவுக்காகப் புல் வெட்டியவர், 1982 ஆம் ஆண்டில் அதனையே முழுநேரத் தொழிலாக்கினார். ஒரு பகுதியில் வாடிக்கையாளர்களைச் சேர்த்து, அந்த வாடிக்கைச் சுற்றை இன்னொருவருக்கு விற்றுவிட்டு அடுத்த சுற்றைச் சேர்ப்பது அவருடைய ஆரம்பகால வழிகளில் ஒன்று. 1989 இல் கிளை உரிமை வழங்கத் தொடங்கினார். எமது கலாநிதிகளில் எவரேனும் புல் வெட்டியிருந்தால் அதை வாழ்க்கைக் குறிப்பில் சேர்த்திருப்பாரா என்று எண்ணிப் பார்க்கிறேன். அது போகட்டும். இங்கே கவனிக்க வேண்டியது வேறு. அவர் விற்றது இயந்திரத்தையல்ல, அடுத்தடுத்த தெருக்களில் ஒழுங்காகக் காத்திருக்கும் வாடிக்கையாளர்களை. நகரமெங்கும் சிதறிக் கிடக்கும் நாற்பது பேரை எவரும் விலைகொடுத்து வாங்கமாட்டார்.

இதை எனக்கு முதன்முதலில் கற்பித்தவர் ஒரு பத்திரிகை முகவர். நான் உதவி ஆசிரியனாகச் சேர்ந்த புதிதில் எமது விநியோகப் பகுதிக்கு வரும் முகவர்களுள் அவரும் ஒருவர். சைக்கிளில் இருநூறு பத்திரிகைகள் போடுவார். புதிய வாசகரைப் பிடிப்பதற்காக அவர் ஊர் முழுவதும் அலைவதில்லை. ஒழுங்கையில் ஒரு வீட்டுக்குப் பத்திரிகை போடத் தொடங்கினால், பக்கத்து வீட்டார் அதை இரவல் வாங்கிப் படிப்பார்கள். அப்படி ஒரு மாதம் இரவல் வாங்கிய வீட்டைக் கண்டறிந்து, அடுத்த மாதம் அங்கே போய் நிற்பார். “ஆசிரியர் எழுதுறதாலை பேப்பர் விக்கிறேல்லைத் தம்பி, காலமை ஆறரைக்குப் படலையிலை கிடக்கிறதாலைதான் விக்கிறது” என்று அவர் சொன்னபோது எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அந்தக் கோபம் தணிய நெடுங்காலம் சென்றது. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பத்திரிகைக் காகிதம் கிடையாமல், கொப்பித்தாளில் கூட யாழ்ப்பாணத்தில் பத்திரிகைகள் அச்சாயின. அந்தத் தாளிலும் பத்திரிகையை அவர் ஆறரைக்குப் போட்டார். ஒரு வீட்டையும் இழக்கவில்லை.

அன்றிரவு அந்தத் தம்பியின் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்து நானும் அவரும் இரண்டாவது நோட்டீசை எழுதினோம். இம்முறை எழிலும் இல்லை, பசுமையும் இல்லை. அவருடைய வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி வயோதிப இத்தாலிய மாது ஒருவரின் புல்லை அவர் வெட்டிவந்தார். தமிழர் எவரும் இல்லாத தெருவென்று நம்பி ஏற்றுக்கொண்ட ஒரேயொரு அயல்வீடு அது. அந்த அம்மையாரிடம் கேட்டு, சம்மதம் பெற்றே எழுதினோம்: ‘நான் உங்களுக்கு அண்மையில் குடியிருக்கிறேன். ஒவ்வொரு வியாழக்கிழமையும் இத்தெருவில் இன்ன இலக்க வீட்டில் புல் வெட்டுகிறேன். போய்ப் பாருங்கள். ஓரம் வெட்டுவதும், நடைபாதையில் சிதறிய புல்லைக் கூட்டுவதும் விலையில் அடங்கும். காப்புறுதி உண்டு.’ கீழே பெயர், தொலைபேசி இலக்கம். அவ்வளவுதான். ஆயிரமும் வேண்டாம், அந்தத் தெருவுக்கும் அதனை வெட்டும் இரு தெருக்களுக்கும் மட்டும் அடித்தால் போதும் என்றேன். தபால் பெட்டியில் போட்டுவிட்டு ஓடாமல், மாலையில் ஆட்கள் வீட்டிலிருக்கும் நேரத்தில் கதவைத் தட்டிக் கையில் கொடுக்கும்படியும் சொன்னேன்.

கதவைத் தட்டுவதில்தான் சங்கடம். மனைவி எழுந்து உள்ளே போய்விட்டார். அவரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. ஊரில் அச்சக முதலாளியின் மனைவியாக இருந்தவர். ஆனால், மறுநாட் காலையில் நோட்டீசில் இருந்த எழுத்துப் பிழையொன்றைத் திருத்தி வைத்திருந்தவரும் அவரே. அவர் ஊரில் ஆங்கில ஆசிரியை.

வெட்டிய புற்றரைக்குப் பக்கத்தில் வெட்டாத புற்றரை இருப்பதைப் போன்ற விளம்பரம் வேறில்லை. வியாழக்கிழமை மாலையில் வேலையால் களைத்து வருபவர், அயல்வீட்டு ஓரங்கள் நூல் பிடித்தாற்போல் இருப்பதைக் கண்டுவிட்டுத் தன் வீட்டைப் பார்க்கிறார். அவ்வேளையில் கையில் ஒரு தொலைபேசி இலக்கம் இருந்தாற் போதும். அந்த மூன்று தெருக்களிலிருந்தும் அவருக்கு யூலை முடிவதற்குள் ஒன்பது வீடுகள் கிடைத்தன. அவற்றை ஒரே நாளில் வெட்டினார்.

இதில் காலத்துக்கும் பங்குண்டு. பனி உருகி முடியும் நாட்களில், புல் நிமிருமுன்னரே நோட்டீஸ் போய்ச் சேரவேண்டும் என்று தொழிலில் பழகியவர்கள் சொல்வார்கள். அது சரிதான். ஆனால், யூன் கடைசியும் ஒரு நல்ல காலமென்பதைப் பலர் கவனிப்பதில்லை. மே மாதத்தில் உற்சாகமாகத் தொடங்கியவர்களில் ஒரு பகுதியினர் வெயில் ஏறியதும் சொன்ன நாளுக்கு வருவதில்லை, தொலைபேசிக்கும் பதில் இல்லை. கைவிடப்பட்ட அந்த வாடிக்கையாளர்களுக்கு விலை முக்கியமல்ல, வருபவர் வருவாரா என்பதே கேள்வி. யூலையின் வரட்சியில் புல் வளர்ச்சி குன்றும்போது “இந்தக் கிழமை வெட்டத் தேவையில்லை, வெட்டினால் காய்ந்துவிடும்” என்று உண்மையைச் சொல்லி ஒரு கிழமைக் கூலியை இழந்தால், அடுத்த ஆண்டும் அந்த வீடு அவருடையதே. மஞ்சட்பூக் களைகளைக் கொல்ல மருந்தடிக்கச் சொல்பவர்களும் உண்டு. அழகுக்காக வழமையான களைகொல்லிகளைப் புற்றரையில் தெளிப்பது ஒன்ராறியோவில் 2009 ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தடைசெய்யப்பட்டிருக்கிறது. வாடிக்கையாளரை இழக்கக்கூடாதென்று களவாக அடிக்கப் போய் மாட்டிக்கொள்ளக்கூடாது.

இனி எமது ஆட்களைப் பற்றி. வெட்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்ட பின்னர், தமிழ் வீடுகளும் வந்தன. முதலில் வந்தவர் ஊரில் ஒன்றாகப் படித்தவர். “எங்கடை ஆள்தானே, பாத்துப் போடு” என்று 45 டொலர் வேலைக்கு 25 கொடுத்தார். அதே வீட்டுக்கு முன்னர் வந்த வேற்றினத்தவருக்கு 50 கொடுத்து நன்றியும் சொன்னவர் அவர். இது எமது சமூகத்தில் அரிதான சம்பவமன்று. எம்மவர் கடைக்கு ஆதரவு கொடுங்கள் என்று மேடையில் முழங்குகிறோம், வீட்டு வாசலில் வைத்து அவருடைய கூலியை அரைவாசியாக்குகிறோம். முன்பின் தெரியாதவரிடம் பேரம் பேசக் கூச்சம், தெரிந்தவரிடம் பேசாவிட்டால் கௌரவக் குறைவு. என்னுடைய ஆலோசனை, உறவினருக்கும் அயலவருக்கும் ஒரே விலை. சலுகை கொடுப்பதானால் அது நோட்டீசிலேயே இருக்கட்டும், எல்லோருக்கும்.

மறுபுறத்தையும் சொல்லவேண்டும். ஒரு தமிழ் வீட்டு விற்பனை முகவர் இவருக்கு ஒரே மாதத்தில் ஆறு வேலைகள் கொடுத்தார். ரொறன்ரோத் தமிழ்ப் பத்திரிகைகளைத் திறந்தால் செய்திகளைவிட இம்முகவர்களின் படங்களே அதிகம் என்று நான் முன்னர் கேலியாக எழுதியதுண்டு. விற்பனைக்கு வரும் வீட்டின் முன்புறம் புல் மண்டிக் கிடக்கக்கூடாது. வாடகைக்கு விட்டுவிட்டு வேறு நகரத்தில் இருப்பவருக்கு மாநகரசபையின் அறிவித்தல் வந்தால் உடனே ஓர் ஆள் வேண்டும். இவ்விரு சாராரையும் அறிந்தவர் முகவர். அந்தக் கேலியை இங்கே மீளப் பெற்றுக்கொள்கிறேன்.

இணையம் உதவாதென்று நான் சொல்லவரவில்லை. அயலில் புல் வெட்டுபவர் யாரென்று இக்காலத்தவர் கூகிளில்தான் தேடுகின்றனர். அங்கே பெயரும் இலக்கமும் இருக்கவேண்டும், உண்மையான வாடிக்கையாளர் நாலைந்து பேரின் அபிப்பிராயமும் இருக்கவேண்டும். ஆனால், இவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் செய்த உதவி வேறுவிதமானது. பாரிஸிலும் கிளிநொச்சியிலும் இருக்கும் உறவினர் பத்துப் பேரைக் கொண்டு, ‘மிக அழகாகப் புல் வெட்டினார்’ என்று ஒரே இரவில் எழுதுவித்துவிட்டார். கிளிநொச்சியிலிருந்து ஸ்காபரோப் புல்லின் அழகைக் கண்டவர்களின் கண்பார்வை வியக்கத்தக்கது. அவற்றை நீக்குவிக்கும்படி கடுமையாகச் சொன்னேன். பொய்ச் செய்தி போட்ட பத்திரிகைகளின் கதி எனக்குத் தெரியும்.

ஓகஸ்ட் நடுப்பகுதியில் நான் கொழும்பு திரும்பும்போது வானில் இன்னும் பெயர் எழுதப்பட்டிருக்கவில்லை. “அடுத்த வருசம் பாப்பம்” என்றார். வற்புறுத்தவில்லை. செப்ரெம்பரில் ஒரு நாள் வட்ஸ்அப்பில் படமொன்று வந்தது. வானின் இரு பக்கங்களிலும் பச்சை எழுத்தில் பெயரும் தொலைபேசி இலக்கமும். எழுத்துகளின் ஒழுங்கைப் பார்த்தாலே அச்சகக்காரர் செய்த வேலையென்று தெரிந்தது. அந்த இலக்கம் அவருடையதன்று. அவர் இயந்திரத்தோடு நிற்கும் நேரத்தில் வரும் அழைப்புகளுக்கு வீட்டிலிருந்து ஆங்கிலத்தில் பதில் சொல்பவர் மனைவி.

படத்தின் கீழே எழுதியிருந்தார்: “அண்ணை, இலை கூட்டுற காலம் தொடங்கப்போகுது. ஸ்நோ தள்ளுறதுக்கும் இதே சனத்தைத்தான் கேக்கப் போறன். நோட்டீஸ் ஒண்டு எழுதித் தாங்கோ. கட்டையா எழுதுங்கோ.”